'சும்மாதான் இருக்கேன்': கேள்வித்தாளை ஊருக்குள் கொண்டுபோகும் முன்

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் மாட்டுத் தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருக்கும் பெண்ணிடம் "என்ன வேலை செய்றீங்க?" என்று கேளுங்கள். "வேலை ஒண்ணுமில்லீங்க, வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்பார். கை இன்னும் மடியை விட்டிருக்காது. அவர் அகராதியில் வேலை என்றால் வெளியே போய்ச் சம்பளம் வாங்குவது. அவர் கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னார், பிசகு கேள்வியில்.

ஒரு கேள்வி காதில் விழுந்து பதில் வாயில் வருவதற்குள் மனது நான்கு காரியம் செய்கிறது என்று உளவியலாளர் ரோஜர் டூரன்ஜோ 1984-ல் வகுத்தார்: கேள்வியைப் புரிந்துகொள்வது, நினைவில் தேடுவது, கிடைத்ததை வைத்துக் கணிப்பது, அதைச் சொல்லத்தக்க பதிலாக்குவது. வீடு வீடாகக் கணக்கெடுப்புக்குப் போகும் முன் நடத்தும் கேள்வித்தாள் சோதனை என்பது இதில் எந்த இடத்தில் வழுக்குகிறது என்று பார்ப்பதுதான்.

அச்சுக்குப் போகும் முன் எட்டு முதல் பத்து பேரிடம் சோதியுங்கள். படித்த, பொறுமையான ஆட்களாகப் பொறுக்காதீர்கள். அறுபது தாண்டிய இருவர், ஓசூர் கம்பெனி வேலைக்குப் போகும் இளைஞர், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண், மானாவாரி நிலம் வைத்திருப்பவர் என்று கலந்து எடுங்கள். ஒருவருக்கு ஒரு மணி நேரம், பன்னிரண்டு பதினைந்து கேள்விகள் போதும். ஒருவர் கேட்க, இன்னொருவர் பதிலை வாய்மொழி மாறாமல் எழுத வேண்டும். "மனசுல ஓடுறதை அப்படியே சொல்லுங்க" என்றால் பலர் திகைப்பார்கள். முதலில் "உங்க வீட்ல எத்தனை ஜன்னல்?" என்று கேட்டு, மனதுக்குள் ஒவ்வொரு அறையாக நடந்து எண்ணுவதைச் சத்தமாகச் சொல்லவைத்துப் பழக்குங்கள். பிறகு ஒவ்வொரு பதிலையும் துருவிக் கேளுங்கள்:

"இந்தக் கேள்வியை உங்க பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு எப்படிச் சொல்வீங்க?"
"நாலு தடவைன்னீங்களே, எதையெல்லாம் சேர்த்து எண்ணினீங்க?"
"இதைச் சொல்லும்போது எந்த நாள் ஞாபகம் வந்தது?"

"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

புரிதலில் அதிகம் சறுக்குவது சாதாரணச் சொற்கள். 'வீட்டில் எத்தனை பேர்?' என்றால் பெங்களூரில் கட்டட வேலை பார்த்து மாதம் ஒருமுறை வந்துபோகும் மகனைத் தாய் சேர்த்துச் சொல்வார், மருமகள் விட்டுவிடுவார். 'ஒரே அடுப்பில் சாப்பிடுபவர்கள்' என்று தொடங்கி, வெளியூரில் இருப்பவர்களைத் தனிக் கேள்வியாகப் பிரியுங்கள். 'போன வாரம்' இன்னொரு பொறி: சிலருக்கு அது கடந்த ஏழு நாள், போச்சம்பள்ளிப் பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலிருந்து அடுத்த சந்தை வரை. "நேத்தோட முடிஞ்ச ஏழு நாள்ல" என்று கேட்டால் குழப்பம் இல்லை. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகள். கணக்கெடுப்பாளர் அங்கேயே மனதுக்குள் மொழிபெயர்த்தால் ஆளுக்கொரு கேள்வி உருவாகும். அந்த மொழி வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

நினைவுக்கு வருவோம். தேசிய நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு காய்கறி, முட்டை, எண்ணெய்க்கு 7 நாளும், துணிமணி, படிப்புச் செலவுக்கு 365 நாளும் கேட்பதற்குக் காரணம் உண்டு: அடிக்கடி நடப்பது சீக்கிரம் மறக்கும், அரிதாக நடப்பதைக் குறுகிய காலத்தில் பிடிக்க முடியாது. இன்னொரு தொல்லை, பழைய சம்பவம் அருகில் நகர்ந்து வருவது. எட்டு மாதத்துக்கு முன் வாங்கிய ஆட்டை 'கடந்த ஆறு மாதத்தில்' சேர்த்துவிடுவார்கள். தேதிக்குப் பதில் ஊர் நாட்காட்டியால் எல்லை கட்டுங்கள்: ஆடிப்பெருக்கு, காவேரிப்பட்டினம் மயானக் கொள்ளை, மாங்காய் அறுப்பு. "ஆடி பதினெட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றால் தெளிவாகிவிடும். வயது கேட்டால் 40, 45, 50 என்று குவியும். ஆதாரில் ஜனவரி 1 இருந்தால் அதுவும் ஊகமாக இருக்கலாம்.

பதிலைச் சீர்செய்து சொல்லும் படிதான் தர்மபுரியில் பெரிய வேலை. "குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்டால் "ஆமாங்க" என்றுதான் வரும். நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதால், மாற்றாகக் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர 2013-ல் தொடங்கிய திட்டம் அது. எது 'நல்ல' பதில் என்று எல்லோருக்கும் தெரியும். குழாய் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்தது அந்த 'ஆமாங்க'வுக்குள் மறைந்துபோகும். இப்படிப் பிரியுங்கள்: "இன்னிக்குக் காலைல குடிச்ச தண்ணி எந்தக் குடத்துல இருந்தது? அது எப்போ, எந்தக் குழாய்ல பிடிச்சது? கடைசியா குழாய்த் தண்ணி வராத அன்னிக்கு எங்க பிடிச்சீங்க?" தொட்டியில் இரண்டும் கலந்திருந்தால் குடிப்பவருக்கே தெரியாது. புளோரைடு அளவு வேண்டுமானால் (ஏற்கத்தக்கது லிட்டருக்கு 1 மி.கி., வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை) தண்ணீர் மாதிரி எடுங்கள், கேள்வி உதவாது. பெண்ணின் திருமண வயதும் இதே கதை. பதில் 18-க்குக் கீழே இறங்காது. திருமணம் எந்த வருஷம், மூத்த பிள்ளை எப்போது என்று தனித்தனியாகக் கேட்டு, மாமியார் இல்லாத நேரத்தில் எழுதுங்கள்.

'மிகவும் திருப்தி' முதல் 'மிகவும் அதிருப்தி' வரை ஐந்து படியை வாய்விட்டு வாசித்தால், கடைசியாகக் காதில் விழுந்ததைச் சொல்லிவிடும் வழக்கம் உண்டு. அதைவிடச் சிக்கல் 'பரவாயில்லை'. ஒருவருக்கு அது நன்று, இன்னொருவருக்குச் சகித்துக்கொள்கிறேன். கணக்கெடுப்பாளர் தானாக நடுப்படியில் குறிக்கக் கூடாது, "நல்லா இருக்குங்கிறீங்களா, சமாளிக்கிறோம்ங்கிறீங்களா?" என்று கேட்கட்டும். வாய்ப்பு, எதிர்பார்ப்பு பற்றிய கேள்விக்குச் சதவீதம் வேண்டாம். பத்துப் புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து, "இந்த வருஷம் மா நல்லா காய்க்கும்னா இந்தப் பக்கம், காய்க்காதுன்னா அந்தப் பக்கம், நம்பிக்கைக்கு ஏத்த மாதிரி பிரிச்சு வையுங்க" என்றால் போதும். பத்தையும் ஒரே பக்கம் தள்ளினால் "கொஞ்சமும் சந்தேகமில்லையா?" என்று ஒருமுறை கேளுங்கள், இரண்டாம் முறை வற்புறுத்த வேண்டாம்.

மாற்றிய கேள்விகளை முதல் சுற்றில் பேசாத வேறு ஐந்தாறு பேரிடம் மறுபடி கேளுங்கள். பழைய ஆட்களுக்கு என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டிருக்கும்.