ஜெர்மன் டிவிஷன் ஒன்றின் போர்க்காலக் கோப்பைப் படிப்பது எப்படி

இரண்டாம் உலகப் போரில் ஒரு ஜெர்மன் டிவிஷன் (பல ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) விட்டுச்சென்ற கோப்பைப் படிக்கும்போது, அதன் அன்றாடப் பதிவான போர் நாட்குறிப்பிலிருந்து தொடங்காதீர்கள். நான் அப்படித் தொடங்கி மூன்று வாரம் வீணாயிற்று. 'எதிரி தாக்கினான், முறியடித்தோம்' என்றே பக்கம் பக்கமாகப் போகும். பல நேரம் அது பிற்பாடு சாவகாசமாகத் தட்டச்சு செய்த சுத்தப் பிரதி. அன்றன்றைய உத்தரவு, தொலைபேசிக் குறிப்பு, பென்சில் கிறுக்கல் எல்லாம் அதோடு இணைத்த காகிதக் கட்டுகளில்தான் கிடக்கும். மூலங்கள் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் ராணுவ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அமெரிக்கர்கள் எடுத்த மைக்ரோஃபிலிமில் டிவிஷன்களுக்கான வரிசை டி-315.

காகிதம் யாருடையது என்று முதலில் பாருங்கள். ரோமன் ஒன்றும் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்தும் இருக்கும். 'ஐன்ஸ் ஆ' என்றால் போர் நடவடிக்கை அதிகாரி. டிவிஷனில் தனியாக ஸ்டாஃப் (தளபதிக்குத் துணையான அதிகாரிகள் குழு) தலைவர் கிடையாது. தளபதிக்குப் பக்கத்தில் எல்லாம் இவர்தான். 'ஐன்ஸ் பே' வழங்கல். 'ஐன்ஸ் ட்சே' உளவு. பதவிக்குப் பின்னால் 'ஐ.ஜி.' என்று இருந்தால் நம்மூர் போலீஸை நினைக்காதீர்கள். கால்சட்டையில் கருஞ்சிவப்புப் பட்டை போட்ட ஜெனரல் ஸ்டாஃப் அதிகாரி என்று பொருள். வரைபடத்தில் நீலம் ஜெர்மானியர், சிவப்பு அவர்களின் எதிரி.

அப்புறம் நேரே வழங்கல் கோப்புக்குப் போங்கள். ஸ்டாஃப் அதிகாரியின் அன்றாடம் அங்கேதான் தெரியும். 1941இல் ஒரு காலாட்படை டிவிஷனுக்குச் சுமார் 5,000 குதிரைகள். அவற்றுக்குத் தீவனம், லாடம், கால்நடை மருத்துவர். கூடவே பெட்ரோல், ரொட்டி, குண்டு. வரைபடத்தில் அம்புக்குறி போட ஒரு நிமிடம் போதும். இதையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்க இரவு முழுக்கத் தொலைபேசியில் கத்த வேண்டும். 1944 ஜூலை 20 அன்று ஹிட்லருக்குக் குண்டு வைத்த ஷ்டாவுஃபென்பெர்க்கும் 1940இல் ஆறாவது பான்ஸர் (டாங்கிப் படை) டிவிஷனில் இந்த 'ஐன்ஸ் பே' வேலையைத்தான் பார்த்தார். 1943இல் துனீசியாவில் பத்தாவது பான்ஸரின் 'ஐன்ஸ் ஆ'வாக இருந்தபோதுதான் ஒரு கண்ணும் வலது கையும் போயின.

உளவுக் கோப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பிடிபடும் சோவியத் அரசியல் கமிசார்களை (படைக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கட்சி அதிகாரிகளை) சுட்டுவிட வேண்டும் என்ற உத்தரவு 1941 ஜூன் 6ஆம் தேதியிட்டது. எத்தனை பேரைச் சுட்டார்கள் என்ற கணக்கு 'ஐன்ஸ் ட்சே' வழியாகத்தான் மேலே போனது. போருக்குப் பிறகு 'நாங்கள் வரைபடம் பார்த்தவர்கள் மட்டுமே' என்று எழுதிய அதிகாரிகளை நான் நம்பாததற்கு இந்தக் கட்டுதான் காரணம். அப்படி ஓர் எண்ணிக்கை கண்ணில் பட்டால் தேதியைக் குறித்துக்கொண்டு, அதே நாளுக்குப் போர் நாட்குறிப்பைத் திருப்பிப் பாருங்கள். நான் தேடிய ஒரு நாளுக்கு அதில் சாலைச் சேற்றைப் பற்றி மட்டும் நான்கு வரி இருந்தது.