ரெஃபரன்ஸும் கிரவுண்டும்: வீட்டில் நியூரோஃபீட்பேக் செய்பவர்களுக்கு வயர் பாடம்

நியூரோஃபீட்பேக் என்பது தன் மூளை அலையைத் திரையில் பார்த்தே அதை மாற்றப் பழகும் பயிற்சி. அதற்கான கருவியைப் புதிதாக வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஆக்டிவ் எலக்ட்ரோடை எங்கே ஒட்டணும்?" என்பதுதான். மற்ற இரண்டு வயர்களையும், அதாவது ரெஃபரன்ஸையும் கிரவுண்டையும், எந்தக் காதிலாவது மாட்டினால் போதும் என்ற நினைப்பு. ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து இந்தப் பக்கம் வந்தவன் நான். எனக்குத் தலையைவிட வயர்தான் முதலில் கண்ணில் படும். அனுபவத்தில் சொல்கிறேன், சிக்கல் பெரும்பாலும் அந்த இரண்டு வயர்களில்தான் இருக்கும்.

மூளை அலையை அளக்கும் எந்த ஈஈஜி கருவியாலும் தலையின் ஒரு புள்ளியை மட்டும் தனியாக அளக்க முடியாது. நாம் பார்க்க நினைக்கும் ஆக்டிவ் புள்ளிக்கும், ஒப்பிட வைக்கும் ரெஃபரன்ஸ் புள்ளிக்கும் உள்ள மின்னழுத்த வித்தியாசத்தைத்தான் அது காட்டுகிறது. தராசில் மறுதட்டு இல்லாமல் எடை பார்க்க முடியாதே, அதுபோல. திரையில் ஓடும் அலையில் ரெஃபரன்ஸுக்கும் ஆக்டிவுக்கும் சம பங்கு உண்டு. ரெஃபரன்ஸ் அசைந்தாலும் அலை அசையும்.

கிரவுண்டின் வேலை வேறு. மூளை அலை தலைத்தோலுக்கு வந்து சேரும்போது சுமார் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான். ஆனால் சுவரில் ஓடும் மின்வயர்களிலிருந்து உடம்பு வாங்கிக்கொள்ளும் 50 ஹெர்ட்ஸ் (சில நாடுகளில் 60) இரைச்சல் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரியது. அந்த இரைச்சல் ஆக்டிவிலும் ரெஃபரன்ஸிலும் ஒரே மாதிரி வருவதால், ஆம்ப்ளிஃபயர் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது அது மறைந்துவிடும். இந்தக் கழித்தல் ஒழுங்காக நடக்க வேண்டுமானால், உடம்பின் மின்னழுத்தமும் கருவிக்குள் இருக்கும் சுற்றின் மின்னழுத்தமும் ஒன்றுக்கொன்று அருகில் இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது கிரவுண்ட். சில கருவிகளில் அது சும்மா உட்கார்ந்திருப்பதில்லை; பொது இரைச்சலைத் தலைகீழாக்கி உடம்புக்குள் திருப்பி அனுப்பி அடக்கும். இசிஜி கருவிகளில் வலது காலில் ஒட்டும் எலக்ட்ரோடு செய்கிற வேலையும் இதுதான். கருவியில் டிஆர்எல் (DRL) என்றோ பயாஸ் (BIAS) என்றோ எழுதியிருந்தால் இந்த வகை என்று புரிந்துகொள்ளுங்கள்.

வேறு எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள். ஈஈஜி கிரவுண்ட் என்பது வீட்டு எர்த் அல்ல. இரைச்சல் அதிகமாக இருக்கிறது என்று கிரவுண்ட் வயரைச் சுவர் பிளக்கின் எர்த் முனையிலோ தண்ணீர்க் குழாயிலோ யாரும் இணைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் தோலைச் சுரண்டிப் பேஸ்ட் வைத்த தலை, வீட்டு மின்சாரத்தோடு நேரடிப் பாதையில் சேர்ந்துவிடும். வேறொரு கருவியில் கசிவு இருந்தால் அந்த மின்சாரம் உங்கள் வழியாகத்தான் இறங்கும். மருத்துவக் கருவிகளுக்கான ஐஇசி 60601 தரம், உடம்பில் ஒட்டும் பிஎஃப் வகைக் கருவிகள் சாதாரண நிலையில் 100 மைக்ரோஆம்பியருக்கு மேல் கசியக் கூடாது என்கிறது. மலிவான லேப்டாப் சார்ஜர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே கருவி பேட்டரியில் ஓடட்டும். யுஎஸ்பி வயர் வழியாக இணைப்பதானால் லேப்டாப்பும் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓடட்டும். புளூடூத் இருந்தால் இன்னும் நல்லது. வயரின் முனை, உலோக ஊசி வெளியே தெரியாத 1.5 மில்லிமீட்டர் டச்-ப்ரூஃப் வகையாக இருக்கட்டும். ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய பிளக்குகளை நான் வீட்டுக்குள்ளேயே சேர்ப்பதில்லை. குழந்தை கையில் கிடைத்தால் அதைச் சுவர் பிளக்கில் செருகிப் பார்க்கும். வலிப்பு வந்தவர்களும் உடம்பில் பேஸ்மேக்கர் போன்ற கருவி உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பயிற்சியைத் தொடங்க வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரே சேனல், அதாவது ஒரே ஓர் இடத்தின் அலை என்றால் பெரும்பாலும் தொடங்குவது சி-இசட் என்ற உச்சந்தலைப் புள்ளியில். மூக்குத்தண்டு நெற்றியோடு சேரும் பள்ளத்திலிருந்து பிடரியில் துருத்தும் எலும்பு வரை டேப்பால் அளந்து பாதியைக் குறியுங்கள். பிறகு ஒரு காதின் முன்பக்கக் குழியிலிருந்து மறு காதின் குழி வரை தலைக்கு மேலாக அளந்து பாதியைக் குறியுங்கள். இரண்டும் வெட்டும் இடம் சி-இசட். இடது காதுச் சோணை ஏ1, வலது காதுச் சோணை ஏ2. ஆக்டிவ் சி-இசட்டில், ரெஃபரன்ஸ் ஏ1-இல், கிரவுண்ட் ஏ2-இல். கிரவுண்ட் தலையிலோ கழுத்திலோ எங்கே இருந்தாலும் அலையின் வடிவம் மாறாது என்பதால் நெற்றி நடுவிலும் ஒட்டலாம். ரெஃபரன்ஸுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு மேட்டில் வைத்தால் கழுத்துத் தசையின் இரைச்சல் சேரும். காதுச் சோணையும் முழுக்க அமைதியான இடம் அல்ல, மூளையின் பக்கவாட்டில் உள்ள டெம்போரல் பகுதியின் அலை அதில் கொஞ்சம் கலக்கும். இருந்தாலும் சி-இசட்டுக்கு நான் காதைத்தான் தேர்ந்தெடுப்பேன். முடி இல்லை, தசை இல்லை, கிளிப் நிற்கும்.

ஒட்டும்போது நான் கிரவுண்டில் தொடங்கி, அடுத்து ரெஃபரன்ஸ், கடைசியில் ஆக்டிவ் என்று போவேன். காதணியைக் கழற்றி, சோணையின் இரண்டு பக்கமும் தோல் தேய்க்கும் ஜெல்லால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, கிளிப்பின் கிண்ணத்தில் பேஸ்டை நிரப்பி மாட்டுங்கள். சோணையில் எண்ணெய்ப் பிசுக்கு அதிகம். தலைக்குக் காட்டும் அக்கறையைக் காதுக்குக் காட்டாமல் விடுவதால்தான் பாதிப் பேருக்கு அலை நிலையாக நிற்பதில்லை. தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையிலான இம்பீடன்ஸ் (மின்தடை) 5 கிலோ ஓமுக்குள் இருந்தால் நிம்மதி. இன்றைய ஆம்ப்ளிஃபயர்கள் 10 வரையும் அதற்கு மேலும் சமாளிக்கும். அதைவிட முக்கியம், ஆக்டிவுக்கும் ரெஃபரன்ஸுக்கும் இடையே பெரிய ஏற்றத்தாழ்வு இல்லாமல் இருப்பது. ஒன்று 3, மற்றது 30 என்றால் மின்வயர் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் வராது. கழித்தாலும் மிச்சம் நிற்கும்.

இந்த அளவைச் சாதாரண மல்டிமீட்டரால் பார்க்காதீர்கள். அது செலுத்தும் டிசி மின்சாரம் எலக்ட்ரோடின் மேற்பரப்பைக் கெடுத்துவிடும், காட்டும் எண்ணும் சரியாக இருக்காது. கருவியின் மென்பொருளில் உள்ள இம்பீடன்ஸ் சோதனையோ, ஏசி வகை மீட்டரோதான் சரி. உலோகத்தையும் கலக்கக் கூடாது. ஆக்டிவ் தங்கக் கிண்ணம், ரெஃபரன்ஸ் சில்வர் குளோரைடு என்று வைத்தால் இரண்டுக்கும் இடையே தானாகவே ஒரு டிசி அழுத்தம் உண்டாகும். அது மூளை அலையைவிடப் பல மடங்கு பெரியது. அலை மெல்ல நழுவிக்கொண்டே போகும், சில கருவிகளில் மேலே போய் ஒட்டிக்கொள்ளும். மூன்றையும் ஒரே வகையில், முடிந்தால் ஒரே செட்டில் எடுங்கள். மாட்டி முடித்ததும் மூன்று வயர்களையும் சடை போலப் பின்னி ஒன்றாகக் கொண்டுபோங்கள். வயர்களுக்கு நடுவே உள்ள இடைவெளி குறைந்தால் அது பிடிக்கும் இரைச்சலும் குறையும்.

இனி, எந்த வயர் மோசம் என்று கண்டுபிடிப்பது. பல சேனல்கள் ஒரே ரெஃபரன்ஸைப் பயன்படுத்தும் கருவியில், ஒரே ஒரு சேனல் மட்டும் கிறுக்கினால் அந்தச் சேனலின் ஆக்டிவைப் பாருங்கள். எல்லாச் சேனலிலும் ஒரே அலை அச்சடித்ததுபோல் வந்தால் ரெஃபரன்ஸ். எல்லாச் சேனலிலும் தடித்த 50 ஹெர்ட்ஸ் பட்டை வந்தால் கிரவுண்டையே முதலில் சந்தேகப்படுவேன். அலை சந்தேகப்படும் அளவுக்குச் சிறுத்துப்போனால், இரண்டு எலக்ட்ரோடுகளின் பேஸ்ட் வழிந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கிரவுண்ட் கழன்றால் பெரும்பாலும் திரையே காட்டிக்கொடுத்துவிடும். எனக்குப் பயம், சத்தமே போடாத தவறுகள்மேல்தான். ஆக்டிவ் வயரும் கிரவுண்ட் வயரும் இடம் மாறிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கருவி அளப்பது வலது காதுக்கும் இடது காதுக்கும் உள்ள வித்தியாசத்தை. சி-இசட் வெறும் கிரவுண்டாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அலை ஓடும். பல்லைக் கடித்தால் பொங்கும். பயிற்சி மென்பொருள் மணி அடித்துப் பாராட்டும். உச்சந்தலைக்கும் அந்தப் பாராட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. இதைப் பிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பென்சிலின் பின்முனையால் ஒவ்வொரு எலக்ட்ரோடையும் லேசாகத் தட்டுங்கள். ஆக்டிவையோ ரெஃபரன்ஸையோ தட்டினால் அலை துள்ளும். கிரவுண்டைத் தட்டினால் பொதுவாக ஒன்றும் நடக்காது. உச்சந்தலையைத் தட்டியும் அலை அசையவில்லை என்றால் பயிற்சியைத் தொடங்காதீர்கள்.

ஆக்டிவும் ரெஃபரன்ஸும் மட்டும் இடம் மாறினால் அலை தலைகீழாகும், அவ்வளவுதான். ஒரே சேனலில் தீட்டா, எஸ்எம்ஆர் போன்ற மூளை அலைவரிசைகளின் அளவை மட்டும் பயிற்றுபவருக்கு இதனால் நஷ்டம் இல்லை, எண் அதேதான் வரும். இரண்டு சேனல்களை ஒப்பிட்டுப் பயிற்றுபவருக்கு நஷ்டம் உண்டு.

இரண்டு சேனல் என்றால், சி-இசட்டின் இடப்பக்கப் புள்ளி சி3-க்கும் வலப்பக்கப் புள்ளி சி4-க்கும் பொதுவாக ஒரே ரெஃபரன்ஸ் என்பதே என் கட்சி. ஓப்பன் பிசிஐ சைட்டன் போன்ற ஈஈஜி சர்க்யூட் பலகையில் எஸ்ஆர்பி2 என்ற முனை எல்லாச் சேனலுக்கும் பொது ரெஃபரன்ஸாகும், பயாஸ் முனை கிரவுண்டாகும். சேனலுக்குச் சேனல் தனி மைனஸ் முனை உள்ள கருவியில் ஒரு ஜம்பர் வயர் போட்டு இரண்டையும் சேர்க்க வேண்டும். சிலர் இரண்டு காதையும் இணைத்து அதையே ரெஃபரன்ஸாக வைப்பார்கள். அதில் இதயத் துடிப்பின் கலப்படம் குறையும், அது நல்லதுதான். ஆனால் ஒரு காதில் பேஸ்ட் காய்ந்தால் ரெஃபரன்ஸ் மறு காதின் பக்கம் சாய்ந்துவிடும். இடது வலது வித்தியாசத்தைப் பயிற்றும்போது அந்தச் சாய்வும் சேர்ந்து கணக்கில் ஏறும். அதனால் இப்படி வைப்பவர்கள் ஒவ்வொரு காதின் இம்பீடன்ஸையும் தனித்தனியாக, இணைப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். சி3-ஐ ஆக்டிவாகவும் சி4-ஐ ரெஃபரன்ஸாகவும் வைக்கும் பைபோலார் முறையில், இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வரும் அலை கழிந்துபோகும். எண் குறைந்தால் அலையே குறைந்ததா, இரண்டு பக்கமும் ஒத்துப்போனதா என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது.

எல்லாம் மாட்டிய பிறகு கடைசிச் சோதனை. ஆக்டிவை இடது பின்தலையில் ஓ1 என்ற புள்ளிப் பக்கம் கொஞ்ச நேரம் வைத்துக் கண்ணை மூடுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில வினாடிகளில் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் ஆல்ஃபா எழும், கண் திறந்ததும் அடங்கும். அது தெரிந்தால் ஆக்டிவைச் சி-இசட்டுக்கு மாற்றி, மறுபடியும் பென்சிலால் தட்டிப் பார்த்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்கலாம்.

முடிந்ததும் பேஸ்ட் காய்வதற்குள் வெதுவெதுப்பான தண்ணீரில் கிண்ணங்களைக் கழுவுங்கள். சில்வர் குளோரைடு பூச்சு உள்ளதைப் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். கழற்றும்போது பிளக்கைப் பிடித்து இழுங்கள், வயரை அல்ல. வயருக்கு ஒரு நிறம் என்று வைத்து, ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் அதன் நிற டேப்பைச் சுற்றிவைத்தால், சடையைப் பிரிக்காமலேயே எது எது என்று தெரியும்.