பூச்சி மருந்து வாங்கும் முன் நாயின் வாலைத் தூக்கிப் பாருங்கள்

நாய்க்குப் பூச்சி மருந்து (குடற்புழு மருந்து) வாங்கப் போகும் முன் வாலைத் தூக்கி, ஆசனவாயைச் சுற்றிப் பாருங்கள். காய்ந்த அரிசி போல ஏதாவது முடியில் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. அப்படியென்றால் மாத்திரை அட்டையைத் திருப்பி, பிராசிகுவாண்டல் என்ற நாடாப்புழு மருந்து இருக்கிறதாகப் பார்த்து வாங்குங்கள். குட்டிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பைரன்டெல் சிரப் உருளைப்புழு, கொக்கிப்புழுவோடு சரி. நாடாப்புழுவை அது தொடாது. இந்தப் புழு பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி வழியாக வருவது. தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் காசுதான் வீண்.

அளவு எடையைப் பொறுத்தது. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், அப்புறம் நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். ரொம்பச் சின்னக் குட்டிக்குச் சமையலறைத் தராசுதான் சரி.

துண்டு எதுவும் தெரியவில்லை என்றால் பூச்சியே இல்லை என்று அர்த்தமில்லை. உருளைப்புழு தாயிடமிருந்தே வந்துவிடும் என்பதால், குட்டிக்கு 2 வார வயதில் தொடங்கி 8 வாரம் வரை 2 வாரத்துக்கு ஒருமுறை எப்படியும் மருந்து கொடுக்க வேண்டும். ஈறு வெளுத்து, மலம் கறுத்தோ ரத்தமாகவோ போனால் வாலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நேராகக் கால்நடை டாக்டரிடம் போங்கள்.