வெரோனா கல் கண்காட்சிக்குப் போகிறவர்கள் ராவென்னாவில் இரண்டு நாள் தங்குவது எப்படி

செப்டம்பர் இறுதியில் இத்தாலியின் வெரோனா நகரில் ஆண்டுதோறும் நடக்கும் மார்மொமாக் கல் கண்காட்சிக்குக் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்திலிருந்து கிரானைட் தொழில் செய்வோர் சென்று வருகிறார்கள். கண்காட்சி முடிந்ததும் வெனிஸிலோ மிலானிலோ நின்று படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவதே பெரும்பாலோரின் வழக்கம். கல்லை அறுத்து மெருகேற்றி விற்பவர்களுக்கு அவ்விரண்டையும்விட ராவென்னாவே ஏற்ற ஊர் என்பது என் கருத்து. கி.பி. 402இல் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரமாகிப் பின்னர் ஜெர்மானிய இனத்தவரான கோத்தியர் கைக்கும், 540இல் கிழக்கு ரோமரான பைசாந்தியர் கைக்கும் மாறிய இந்நகரில், ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த எட்டுக் கட்டடங்கள் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. கல், கண்ணாடிச் சில்லுகளைச் சுவரிலும் கூரையிலும் பதித்து உருவாக்கிய மொசைக் ஓவியங்களே அவற்றில் பெரும்பாலானவற்றின் சிறப்பு.

விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே பயணத் திட்டத்தில் ராவென்னா நாட்களையும் அங்குள்ள விடுதி முன்பதிவையும் சேர்த்துவிட வேண்டும். ஷெங்கன் விசாவுக்குக் கேட்கப்படும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் அந்நாட்களை உள்ளடக்கியிருக்க வேண்டும். வெரோனாவிலிருந்து பொலோன்யாவுக்கு விரைவு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரமும், அங்கிருந்து ராவென்னாவுக்கு வட்டார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவும் ஆகும். வட்டார ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையிலுள்ள இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். மறந்தால் அபராதம் உண்டு.

சான் விதாலே, கல்லா பிளாசிடியா நினைவு மண்டபம், நியோனியன் ஞானஸ்நான மண்டபம், சான்ட் அப்போலினாரே நுவோவோ, பேராயர் அருங்காட்சியகம் ஆகிய ஐந்துக்கும் ஒரே டிக்கெட் உண்டு. கல்லா பிளாசிடியாவுக்கும் ஞானஸ்நான மண்டபத்துக்கும் மட்டும் நேரத்தைக் குறித்தே பதிவு செய்ய வேண்டியிருப்பதால், அவ்விரண்டையும் முதலில் முடிவு செய்துவிட்டு மற்றவற்றை அவற்றைச் சுற்றி அமைத்துக்கொள்வது நல்லது.

கல்லா பிளாசிடியாவினுள் சில நிமிடங்களே நிற்க விடுவார்கள். மெல்லிய அலபாஸ்டர் பலகைகள் பதித்த சிறு ஜன்னல்கள் வழியே மங்கலான ஒளியே வருவதால், நுழைந்தவுடன் படம் எடுக்க முனையாமல் கண் பழகும்வரை பொறுத்திருங்கள். கருநீலக் கூரையின் பொன் நட்சத்திரங்கள் அதன் பிறகே தெளிவாகத் தெரியும். ஆடுகளுக்கு நடுவே அமர்ந்திருக்கும் நல்ல மேய்ப்பர் ஓவியம் நுழைவாயிலுக்கு மேலேயே, உள்ளே வருபவரின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் பலரும் அதைக் காணாமலே வெளியேறிவிடுகிறார்கள்.

அதே வளாகத்தில் உள்ள எண்கோண வடிவச் சான் விதாலே தேவாலயத்துக்கு, அவசரமில்லாமல் ஒரு காலைப்பொழுதையே ஒதுக்கலாம். 547இல் அர்ச்சிக்கப்பட்ட இதற்குப் பணம் கொடுத்தவர் ஜூலியானுஸ் என்ற வட்டிக்கடைக்காரர். பலிபீடத்தின் இருபுறமும் பேரரசர் ஜஸ்டினியனும் பேரரசி தியோடோராவும் பரிவாரங்களோடு நிற்கிறார்கள். தியோடோராவின் அங்கியின் கரையில் குழந்தை இயேசுவுக்கு மூன்று ஞானிகள் காணிக்கை ஏந்திச் செல்வது சிறிய உருவில் பதிக்கப்பட்டுள்ளது. அதைக் காண ஒரு சிறு தொலைநோக்கி வேண்டும். இந்த மொசைக்கின் பொன் சில்லுகள் கண்ணாடியின் மேல் தங்கத் தகட்டை ஒட்டி, அதன் மேல் மெல்லிய கண்ணாடியை மூடிச் செய்தவை. ஈரச் சுண்ணச் சாந்தில் அவற்றைச் சமமாக அழுத்தாமல் சற்றே சாய்த்துப் பதித்திருப்பதால், நீங்கள் இரண்டடி நகர்ந்தாலும் ஒளி இடம் மாறுகிறது. மட்டம் பார்த்துப் பாலிஷ் போடும் நம் தொழிலுக்கு இது நேர் எதிரானது.

சான்ட் அப்போலினாரே நுவோவோவில் கோத்திய மன்னர் தியோடோரிக்கின் அரண்மனையைக் காட்டும் பகுதியைத் தேடிப் பாருங்கள். பைசாந்திய ஆட்சி வந்தபின் அங்கிருந்த மனித உருவங்களை அகற்றித் திரைச்சீலைகளைப் பதித்தார்கள். ஆனால் தூண்களின் மேல் நீண்டிருந்த சில கைகள் மட்டும் இன்றும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

தியோடோரிக்கின் கல்லறை ஊருக்குச் சற்று வெளியே, தனி டிக்கெட்டில் உள்ளது. மொசைக் இல்லை என்று இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. கிருஷ்ணகிரிக்காரர்கள் தவிர்க்கக் கூடாது. ஏட்ரியாட்டிக் கடலுக்கு அப்பாலுள்ள இஸ்ட்ரியாவிலிருந்து வந்த சுண்ணாம்புக் கல்லே அதன் கூரை. ஏறக்குறைய 10 மீட்டர் விட்டமுள்ள ஒரே கல். நம் குவாரிகளில் லாரியில் ஏற்றும் பிளாக் இருபது முப்பது டன் என்றால், இது இருநூறு டன்னுக்கும் மேல். கூரையின் விளிம்பைச் சுற்றிப் பன்னிரண்டு கைப்பிடிகள் போன்ற புடைப்புகள் உள்ளன.

சைவம் உண்பவர்களுக்குப் பியாதினா என்ற தட்டை ரொட்டி கைகொடுக்கும், ஆனால் மரபாக அதன் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். 'ஸ்ட்ருட்டோ' இல்லாமல், ஆலிவ் எண்ணெயில் பிசைந்தது உண்டா என்று கேட்டு வாங்குங்கள். மதிய உணவு நேரம் தவறினால் பல உணவகங்கள் இரவு ஏழு மணிக்கு மேல்தான் மீண்டும் திறக்கும்.

இரண்டாம் நாள் பிற்பகலில் சில கிலோமீட்டர் தெற்கேயுள்ள கிளாஸ்ஸே தேவாலயத்துக்குப் பேருந்தில் போய்வரலாம். திரும்பும் டிக்கெட்டைப் பொலோன்யாவிலிருந்தே எடுத்தால், துபாய் அல்லது பிராங்பர்ட் வழியாகப் பெங்களூரு வந்து சேரலாம். விடியுமுன் இறங்கும் விமானமாகப் பார்த்துக்கொண்டால், சில்க் போர்டு நெரிசல் தொடங்குமுன் அத்திப்பள்ளியைத் தாண்டிவிடலாம்.