புறநகருக்கு வீடு மாறும் கவனமான ஆட்கள் செய்யும் தவறுகள்

குடும்பங்கள் வீடு மாறும்போது கூடவே போய் இடம் பார்த்துக் கருத்துச் சொல்வது பல வருடமாக என் வேலை. ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. அவற்றில் பாதியை நானே ஒரு காலத்தில் செய்திருக்கிறேன் என்பதால் தூரத்திலேயே அடையாளம் தெரிகிறது. சுவர் ஈரமா, தண்ணீர் ஒழுங்காக வருமா, பத்திரம் சரியா என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல வீட்டுக்கு நாலு பேர் இருப்பார்கள். எல்லாம் விசாரித்து, அட்டவணை போட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் மதிப்பெண் கொடுத்துத் தேர்ந்தெடுக்கிறவர்கள் எங்கே மாட்டுகிறார்கள் என்பதுதான் விஷயம்.

தேர்ச்சி விகிதத்தைப் பார்த்துப் பள்ளியை முடிவு செய்வது

நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்றதும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். அமெரிக்காவில் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் சுமார் 6 லட்சம் மாணவர்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 1966-இல் வெளியானது. பள்ளியின் கட்டடம், செலவு, வசதிகளைவிடக் குழந்தையின் குடும்பப் பின்னணியே மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டிப்போகிறது என்று அது சொன்னது. அந்த முடிவின் மேல் இன்றுவரை சண்டை உண்டு. ஆனால் வீடு தேடுகிறவருக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பதோடு, உள்ளே யார் வருகிறார்கள் என்பதையும் சேர்த்தே அந்த விகிதம் காட்டுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சில கேள்விகள் உதவும்.

இறுதித் தேர்வு எழுதிய வகுப்பில் இரண்டு வருடத்துக்கு முன்னால் எத்தனை பேர் இருந்தார்கள்? அன்று 120 பேர், தேர்வு எழுதியது 90 பேர் என்றால், அந்த 30 பேர் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். பின்தங்குகிற பிள்ளையைப் பள்ளி என்ன செய்கிறது என்பதற்கான பதில் அதில் இருக்கும். அப்புறம், ஆசிரியர்கள் எத்தனை வருடம் தங்குகிறார்கள் என்பது. நீச்சல் குளத்தைக் காட்டுகிற ஆர்வத்தோடு யாரும் இதைச் சொல்லமாட்டார்கள், நாமாகத்தான் கேட்க வேண்டும்.

முகவரியை வைத்துச் சேர்க்கும் ஊர்களில் இன்னொரு சிக்கல். பள்ளியின் எல்லைக்குள் வீடு இருந்தால் இடம் உறுதி என்று தரகர் சொல்வார். எல்லைக் கோட்டை நிர்வாகம் மாற்றலாம். எல்லைக்குள் பிள்ளைகள் அதிகமானால் அருகில் இருப்பவர்களோடு இடம் தீர்ந்துபோகும். கடந்த வருடம் கடைசியாகச் சேர்ந்த குழந்தையின் வீடு எவ்வளவு தூரம் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பதிலைத் தரகரிடம் வாங்காதீர்கள், பள்ளியிடம் வாங்குங்கள்.

அட்டவணையில் பள்ளிக்கு ஒரு வரி, அலுவலகத்துக்கு ஒரு வரி

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். படித்தவர்கள், கணக்குப் போடத் தெரிந்தவர்கள், பல லட்சங்களை இதில் இழக்கிறார்கள். இழந்தது இதனால்தான் என்று பலருக்குக் கடைசிவரை தெரிவதுகூட இல்லை.

அட்டவணையில் இப்படி எழுதியிருப்பார்கள்: வீட்டிலிருந்து பள்ளி 15 நிமிடம். அவருடைய அலுவலகம் 40 நிமிடம். அவளுடைய அலுவலகம் 55 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு டிக். மூன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல எண்கள்தான். ஆனால் காலையில் இவை தனித்தனியாக நடப்பதில்லை, ஒன்றன் வாலில் ஒன்று தொங்கிக்கொண்டு நடக்கின்றன.

பள்ளி வாசல் 8:15-க்குத் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் குழந்தையை விட முடியாது. 8 மணிக்குக் கிளம்பி, 8:15-க்குப் போய், உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்ப 8:20. பள்ளி வீட்டுக்குக் கிழக்கே, அலுவலகம் மேற்கே. திரும்ப வீட்டைத் தாண்டும்போது 8:35. அங்கிருந்து 40 நிமிடம், அலுவலகம் சேர 9:15. வேலை தொடங்குவது 9-க்கு. எங்கேயும் நெரிசல் இல்லை, எதுவும் பழுதாகவில்லை, எல்லாம் சரியாக நடந்த நாளிலேயே 15 நிமிடம் தாமதம். அம்மா கொண்டுபோய் விடலாமே என்றால், அவர் வேலைக்கு நேரத்துக்குப் போக 8:05-க்கே கிளம்பியாக வேண்டும்.

மாலை இதைவிட மோசம். பள்ளி 3:15-க்கு முடிகிறது. பள்ளியிலேயே பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது, ஆனால் 6 மணி வரைதான். அப்பா 5:30-க்கு அலுவலகத்திலிருந்து கிளம்பினால் வீட்டைத் தாண்டிப் பள்ளிக்குப் போய்ச் சேர 6:25. அந்த 25 நிமிடம் ஒரு நாள் இல்லை, ஒவ்வொரு நாளும்.

ஒரு குடும்பத்துக்கு இதை நான் காகிதத்தில் போட்டே காட்டினேன். வீடு அழகு, பள்ளி நல்ல பள்ளி. குழந்தையை யார் கூட்டிவருவது என்று கேட்டதற்கு இருவரும் ஒரே குரலில் "பார்த்துக்கலாம்" என்றார்கள். நான் கேட்டதிலேயே விலை உயர்ந்த சொல் அது. முதல் சில மாதம் மாற்றி மாற்றி விடுப்பு எடுத்தார்கள். அப்புறம் பக்கத்து வீட்டில் உதவி கேட்டார்கள். அப்புறம் அலுவலகத்தில் ஒரு கடுமையான கூட்டம். அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் மனைவி வேலையை விட்டுவிட்டார். இப்படி வேலையை விடுவது, நான் பார்த்தவரை, பெரும்பாலும் அம்மாதான். வீட்டுக் கடனோ இரண்டு சம்பளத்தை நம்பி வாங்கியது.

எந்த அட்டவணையிலும் இந்தச் செலவு வராது. வாடகை வித்தியாசம், பெட்ரோல், ரயில் பாஸ் எல்லாம் ரூபாய் பைசாவாக இருக்கும். ஒரு முழுச் சம்பளம் போனது மட்டும் இருக்காது, ஏனென்றால் அது குடும்ப முடிவு என்ற பெயரில் வேறு கணக்கில் போய்விடுகிறது. வீட்டின் விலையில் சேர வேண்டிய தொகை அது.

இதற்கு வழி புதிதல்ல. சுவீடனைச் சேர்ந்த புவியியலாளர் டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970-இல் எழுதிய கட்டுரையில், மனிதர்களின் நாளை இடமும் நேரமும் சேர்ந்த கோடாகப் பார்க்கச் சொன்னார். யாருடன் எங்கே எப்போது சேர்ந்திருக்க வேண்டும் என்பது ஒரு கட்டுப்பாடு. வாசல் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பது இன்னொன்று. தூரம் குறைவு என்பதால் மட்டும் ஒரு நாள் நடந்துவிடாது, இந்தக் கட்டுப்பாடுகளுக்குள்ளும் அது அடங்க வேண்டும். வீடு தேடுகிறவர் செய்ய வேண்டியது ஒரு தாளில் அடங்கும். குடும்பத்தில் ஆளுக்கு ஒரு பத்தி, குழந்தைக்கும் சேர்த்து. காலை 6 முதல் இரவு 9 வரை கால் மணிக்கு ஒரு வரி. ஒவ்வொரு கட்டத்திலும் யார் எங்கே என்று எழுதுங்கள். சின்னக் குழந்தையின் பத்தியில் எந்த இடத்திலாவது பக்கத்தில் பெரியவர் இல்லை என்றால், அங்கே சிவப்பு மை.

சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு முதலில் போடுங்கள். அடுத்து, 11 மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வருகிற நாளுக்கு. அடுத்து, பெற்றோரில் ஒருவர் வெளியூர் போயிருக்கும் வாரத்துக்கு. பள்ளிக்கு விடுமுறை, அலுவலகத்துக்கு இல்லை என்கிற வாரங்களுக்கும் ஒன்று. சிவப்பு மை விழுந்த இடத்தில் ஒரு ஆளின் பெயரை எழுத முடிந்தால் சரி. "பார்த்துக்கலாம்" ஆளின் பெயர் இல்லை. "மேனேஜர் நல்லவர், நேரத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னார்" என்பதும் போதாது. மேனேஜர் மாறுவார், வீட்டுக் கடன் மாறாது. எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது குழந்தை இருந்தால் அதே தாளை மூன்று வருடம் கழித்து வரப்போகிற நாளுக்கும் போட வேண்டும். மூத்தது வேறு பள்ளிக்குப் போயிருக்கும், இளையது அப்போதுதான் சேர்ந்திருக்கும். இரண்டு வாசல், இரண்டு மணி.

பள்ளி வாகனம் இருக்கிறதே

எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள். எத்தனையாவது நிறுத்தம் என்று கேளுங்கள். ஊரின் ஓரத்தில் வீடு என்றால் காலையில் முதலில் ஏறுவது உங்கள் குழந்தை, மற்ற எல்லா வீட்டு வாசலையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பள்ளி போகும். மாலையில் அதே வரிசையைத் தலைகீழாக ஓட்டினால் கடைசியாக இறங்குவதும் உங்கள் குழந்தைதான். 15 நிமிடத் தூரம் ஒரு மணி நேரப் பயணமாவது இப்படித்தான்.

சராசரி நேரத்தை நம்புவது

போனில் மேப் காட்டும் நேரம் ஒரு நடுத்தர நாளுடையது. வேலை போவதோ மோசமான நாட்களால். போக்குவரத்துத் திட்டமிடுகிறவர்கள் 95-ஆவது சதமானம் என்று ஒன்றைப் பார்ப்பார்கள். 20 பயணத்தில் 19 அந்த நேரத்துக்குள் முடிந்துவிடும், ஒன்று மட்டும் அதைத் தாண்டும். மாதத்துக்குச் சுமார் 20 வேலை நாள் என்பதால் நமக்கு வசதியான அளவு இது. மாதம் ஒரு தடவை தாமதம் என்றால் முதலாளி பொறுத்துக்கொள்வார். அந்த நேரம் எவ்வளவு என்று அங்கிருந்து தினமும் போய்வருகிற ஒருவரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

வண்டி மாறி ஏற வேண்டிய பயணத்தில் இந்த வித்தியாசம் பெரிது. ரயிலிலிருந்து இறங்கிப் பிடிக்க வேண்டிய பஸ் அரைமணிக்கு ஒன்று என்றால், ரயில் 3 நிமிடம் பிந்தினாலே பயணம் 30 நிமிடம் நீளலாம். மாறாமல் போகும் 55 நிமிடத்தை, மாறிப் போகும் 45 நிமிடத்துக்கு மேலாகவே நான் எடுத்துக்கொள்வேன்.

"பழகிவிடும்"

கூடுதல் அறை பழகிவிடும். பயணம் பழகுவதாகத் தெரியவில்லை. உளவியலாளர் டேனியல் கானமனும் உடன் பணியாற்றியவர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், டெக்சஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றிலும் மனநிலை எப்படி இருந்தது என்று கேட்டார்கள். பட்டியலின் அடியில் கிடந்தது காலையில் வேலைக்குப் போகும் பயணம். புருனோ ஃப்ரே, அலோயிஸ் ஸ்டுட்சர் என்ற பொருளியலாளர்கள் ஜெர்மனியின் தரவுகளை வைத்து இன்னொன்றைப் பார்த்தார்கள். நீண்ட பயணத்தைப் பெரிய வீடோ கூடுதல் சம்பளமோ ஈடுகட்டிவிடும் என்றுதானே நினைக்கிறோம்? அப்படி ஈடாகியிருந்தால் தூரத்திலிருந்து வருகிறவரும் பக்கத்தில் இருப்பவரும் வாழ்க்கையில் ஒரே அளவு திருப்தியோடு இருக்க வேண்டும். இல்லை, நீண்ட பயணம் செய்கிறவர்கள் குறைவான திருப்தியோடு இருந்தார்கள்.

ஒரு வழிக்கு 40 நிமிடம், வருடத்துக்கு 220 வேலை நாள் என்றால் ஏறக்குறைய 293 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் 36 நாளுக்கு மேல் வருகிறது.

வரப்போகிற ரயில் நிலையம்

வந்த பிறகு வாங்குங்கள்.

அகலமாகப்போகிற சாலை

சாலை அகலமானால் நெரிசல் தீரும் என்று நம்பி வாங்குகிறவர்களுக்கு: அமெரிக்கப் பொருளியலாளர் ஆன்டனி டவுன்ஸ் 1962-லேயே சொல்லிவிட்டார், உச்ச நேர நெரிசல் சாலையின் கொள்ளளவுக்கு ஏற்ப ஏறிக்கொள்ளும் என்று. நேரம் மாற்றிப் போனவர்கள், வேறு சாலையில் போனவர்கள், ரயிலில் போனவர்கள் எல்லாரும் அகலமான சாலைக்குத் திரும்பிவருவார்கள். அதே நம்பிக்கையில் வீடு வாங்கியவர்களும் இருக்கிறார்களே.

நேர்கோட்டில் தூரம் பார்ப்பது

நடுவில் தண்டவாளம் ஓடுகிறதா என்று பாருங்கள்.

பிள்ளை எப்போது தனியாக வெளியே போகும் என்று யோசிக்காதது

அன்றாட வாழ்க்கை என்றால் பூங்கா, ஜிம், கடைத்தெரு என்று பட்டியல் வரும். பட்டியலில் வராத ஒன்றைச் சொல்கிறேன். மாறும்போது குழந்தைக்கு வயது ஐந்து. அதை எங்கே கூட்டிப்போனாலும் நாம்தான் கூட்டிப்போகிறோம், அதனால் வித்தியாசம் தெரியாது. 12 வயதில் நண்பன் வீடு, விளையாட்டு, நூலகம் என்று போக வேண்டிய இடங்கள் பெருகும். நடக்க நடைபாதை இல்லை, மாலை 7-க்கு மேல் பஸ் இல்லை என்றால் அடுத்த ஆறு வருடத்துக்கு ஓட்டுநர் வேலை நமக்கு.

அமெரிக்க நகரத் திட்டமிடலாளர் கிளாரன்ஸ் பெரி 1929-இல் எழுதிய குடியிருப்புத் திட்டத்தில் தொடக்கப்பள்ளி நடுவில் இருக்கும், வீடுகள் ஏறக்குறைய கால் மைல் தூரத்துக்குள் இருக்கும், பெரிய சாலைகள் ஓரத்தோடு போய்விடும். குழந்தை பெரிய சாலையைக் கடக்காமல் பள்ளிக்கு நடக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அப்படி ஓர் இடம் இன்று கிடைப்பது அரிது. ஆனால் அந்தக் கால் மைலை, அதாவது சுமார் 400 மீட்டரை, அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். வாசலிலிருந்து அவ்வளவு தூரம் நான்கு பக்கமும் நடந்து பாருங்கள், இருட்டிய பிறகு. நாளைக்குப் பள்ளிக்கு ஒரு அட்டை வேண்டும் என்று குழந்தை இரவு 8 மணிக்குச் சொன்னால் நடந்துபோய் வாங்க முடியுமா, காரை எடுக்க வேண்டுமா? இது வாரத்துக்கு நான்கு தடவை வரும் கேள்வி. நீச்சல் குளம் வருடத்துக்கு நான்கு தடவை.

"இடம் எப்படி?" என்று வீட்டுக்காரரிடம் கேட்பது

வாங்கியவர் குறை சொல்லமாட்டார். சொன்னால் அவர் சொத்தின் விலைக்கே ஆபத்து. வாடகைக்கு இருப்பவரிடம் கேளுங்கள், காலி செய்துகொண்டு போகிறவர் கிடைத்தால் இன்னும் நல்லது. கேள்வியும் மாற வேண்டும். நேற்று வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தீர்கள்? போன வாரம் குழந்தையை யார் கூட்டிவந்தது? இதற்கெல்லாம் மழுப்பலான பதில் சொல்வது கஷ்டம்.

வாடகைக்கு இருந்து பார்ப்பது

நல்ல யோசனைதான், நானும் சொல்வேன். ஆனால் பலர் வாடகை வீட்டை ஒரு பக்கத்தில் எடுத்து, வருடம் முடிந்ததும் சொந்த வீட்டை இன்னொரு பக்கத்தில் வாங்குகிறார்கள். குழந்தை இரண்டு வருடத்தில் இரண்டு பள்ளி மாறுகிறது. வாடகை வீடு, வாங்க நினைக்கும் வீட்டின் அதே பள்ளிக்கு, அதே நிலையத்துக்குப் போகிற இடமாக இருக்கட்டும். பள்ளிச் சேர்க்கை எழுத்தில் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.