பெர்ட்ராம் 31 படகுக்குத் தேக்கில் ஹெல்ம் பாட்: அட்டை மாதிரியிலிருந்து வார்னிஷ் வரை

1960 மயாமி–நசாவ் படகுப் பந்தயத்தில் ஜெயித்த ‘மாப்பி’ என்ற படகின் வழிவந்தது பெர்ட்ராம் 31 மீன்பிடிப் படகு. ஃபுளோரிடாவில் இந்தப் பழைய படகுகளைப் புதுப்பிப்பவர்கள் மேல்தளத்தில் படகை ஓட்டும் மேடையான கன்சோலில் ஒரு தேக்குப் பெட்டியைப் பொருத்துவது வழக்கம். அதுதான் ஹெல்ம் பாட். ஸ்டீயரிங் சக்கரம் அதன் நடுவில் ஏறக்குறையப் படுத்திருக்கும். இரு பக்கமும் எஞ்சினுக்கு ஒன்றாக, கியரையும் வேகத்தையும் சேர்த்தே இயக்கும் ஒற்றை லீவர். தூண்டிலில் மாட்டிய மீன் பின்னால் ஓடும்போது ஓட்டுபவர் அதைப் பார்த்தபடி நின்று, முதுகுக்குப் பின்னால் கைவைத்தே படகைத் திருப்ப முடியும்.

முதலில் அட்டை

பெட்டியின் அளவை மரம் தீர்மானிப்பதில்லை. உள்ளே போகும் ஸ்டீயரிங்கின் ஹைட்ராலிக் பம்பும் வெளியே அசையும் கைகளும்தான் தீர்மானிக்கின்றன. பம்பையும் லீவர்களையும் கையில் வாங்கிய பிறகே கோடு போடுங்கள். 16 அங்குலச் சக்கரத்துக்கு 28 அங்குல அகலம், 16 அங்குல ஆழம் சரியாக வரும். பக்கப் பலகை கன்சோலை ஒட்டி 9 அங்குலமும் ஓட்டுபவர் பக்கம் 6 அங்குலமும் உயரம் இருந்தால் மேல்முகம் 10 டிகிரிக்குச் சற்று மேலாகச் சரியும்.

தடித்த அட்டையிலோ 6 மி.மீ. பிளைவுட்டிலோ மாதிரி செய்து அதே இடத்தில் கட்டி நின்று பாருங்கள். சக்கர விளிம்புக்கும் கன்சோலுக்கும் நடுவே 2 அங்குலம் இல்லாவிட்டால் விரல்முட்டி இடிபடும். அதனால் சக்கரத்தின் மையம் ஓட்டுபவர் பக்க விளிம்பிலிருந்து 6 அங்குலத்தில் இருக்கட்டும். சக்கரம் 2 அங்குலம் வெளியே நீளும், பரவாயில்லை. லீவர்களை முழு முன்னோட்டம், முழு பின்னோட்டம் இரண்டிலும் தள்ளி, சக்கர விளிம்பிலிருந்து 2 அங்குல இடைவெளி இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். பம்பின் பின்னால் குழாய் வளைவதற்கும் இடம் வேண்டும். சக்கரத்தை இவ்வளவு படுக்கையாகப் பொருத்த எல்லா பம்பும் ஒத்துக்கொள்ளாது. எண்ணெய் ஊற்றும் துளை உச்சியில் இல்லாவிட்டால் காற்று வெளியேறாது, ஸ்டீயரிங் கொழகொழவென்று இருக்கும்.

மரம்

மேல், முன் (ஓட்டுபவர் பக்கம்), இரு பக்கம் சேர்த்து ஆறே கால் சதுர அடி வரும். கழிவுக்கு 40 சதவீதம் வைத்து, 1 அங்குலக் கனத்தில் 9 சதுர அடி வாங்கி, முக்கால் அங்குலமாக இழைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஓடாத, வைரம் பாய்ந்த பலகையாக இருக்கட்டும். வெட்டுமுகத்தில் வளையக் கோடுகள் நெட்டுக்குத்தாக நிற்கும் பலகைக்கு விலை கூடுதல்தான், ஆனால் கொடுக்கலாம். ஈரம் 4 சதவீதம் மாறினால் சாதாரணப் பலகை 16 அங்குல அகலத்தில் ஏறக்குறைய 1/8 அங்குலம் விரிந்து சுருங்கும். நெட்டுக்குத்துக் கோட்டுப் பலகையில் அது பாதிதான்.

பக்கப் பலகையின் ரேகையைப் படுக்கையாக வைப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. மேல்பலகையின் ரேகை அகலவாக்கில் ஓடுவதால் அது ஈரத்தில் முன்பின்னாக விரிந்து சுருங்கும். படுக்கை ரேகைப் பக்கப் பலகை அந்தத் திசையில் அசையாது. ஒரு மழைக்காலத்தில் மூட்டு பிளந்துவிடும். மேல்பலகையின் ரேகை விளிம்பைத் தாண்டிக் கீழே வழிவதுபோல, பக்கங்களில் ரேகை செங்குத்தாக ஓடட்டும். அழகும் இதில்தான்.

வெட்டும் ஒட்டும்

தேக்கில் சிலிக்கா உண்டு. சாதா எஃகு அலகு சீக்கிரம் மழுங்கிப் பலகையைக் கருக்கும். கார்பைடு அலகு போடுங்கள். தூசு பலருக்குத் தோல் அரிப்பும் இருமலும் தரும், முகமூடி கட்டாயம். சக்கரம், லீவர், அளவுமானிகள் எல்லாவற்றுக்கும் துளையை ஒட்டுவதற்கு முன்பே, பலகை மேசையில் தட்டையாகக் கிடக்கும்போதே போட்டுவிடுங்கள்.

பக்கப் பலகைகள் சேரும் விளிம்புகளை 45 டிகிரியில் சீவுங்கள்; மேல்முகம் சரிவதால் மேலும் முன்னும் சேரும் விளிம்புக்கு ஏறக்குறைய 40 டிகிரி. ஒட்டும் முகத்தை 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் மஞ்சள் கறை நிற்கும்வரை துடைக்கவும். காய்ந்ததும் கால் மணி நேரத்துக்குள் ஒட்டிவிடுங்கள்; தள்ளிப்போட்டால் உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடி மேலே கசியும்.

ஒட்டுவதற்கு இருபொருள் எபாக்ஸிப் பசை: வெஸ்ட் சிஸ்டம் 105 ரெசினுக்கு அதை இறுகவைக்கும் 206 ஹார்டனர், கொள்ளளவில் 5:1. முதலில் வெறும் எபாக்ஸியை இரு முகத்திலும் பூசுங்கள். ரேகை முனை உறிஞ்சிக்கொள்ளும், இன்னொரு கை பூச வேண்டும். பிறகு சிலிக்காப் பொடி கலந்து கெட்டியாக்கியதைத் தடவி கிளாம்ப் போடுங்கள். மூட்டில் மெல்லிய கோடாகக் கசிந்தால் போதும். முறுக்கிப் பிழிந்தால் பசை வெளியே போய் மூட்டு வலுவிழந்துவிடும். 22 டிகிரியில் கலவை 20 நிமிடம் தாங்கும். ஃபுளோரிடா வெயிலில் கோப்பையிலேயே புகையும், அகலத் தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

மூலைக்கு உள்ளே 2 அங்குல நீளத் தேக்குக் கட்டைகளை இடைவெளி விட்டு ஒட்டவும். ஒரே நீளக் கட்டையாக வைத்தால் பலகை அசைய வழியில்லை. 24 மணி நேரம் கழித்து வெளி விளிம்பை அரை அங்குல ஆரத்தில் ரவுட்டரால் உருட்டுங்கள். அடிப்பக்கம் அரை அங்குல மரைன் பிளைவுட், திருகாணியில் கழற்றும்படி.

வார்னிஷும் பொருத்தலும்

துளைகளின் உள்விளிம்பை எபாக்ஸியால் மூடவும். தண்ணீர் அங்கேதான் ஏறும், வார்னிஷ் அங்கிருந்துதான் வெளுக்கும். 220 தாள் தேய்த்தபின் முதல் பூச்சில் பாதிக்குப் பாதி தின்னர், அடுத்ததில் கால் பங்கு, பிறகு முழுசாக. மொத்தம் 8 பூச்சு, நடுவே 320 தாள். பெட்டியின் உள்பக்கத்துக்கும் இரண்டு பூச்சு கொடுங்கள், இல்லாவிட்டால் பலகை ஒருபக்கமாக வளையும்.

அலையில் ஆட்கள் இந்தச் சக்கரத்தைப் பிடித்துத்தான் தொங்குவார்கள். ஆகவே கன்சோலுக்குள்ளே தகடு வைத்து 5/16 அங்குல, 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட் ஆறு போடவும். சேர்ப்பில் தண்ணீர் புகாமல் அடைக்க, ஒட்டும் ரப்பர்ப் பட்டையான பியூட்டைல் டேப் போதும். சிலிகோன் வேண்டவே வேண்டாம். அது தொட்ட இடத்தில் அடுத்த வார்னிஷ் ஒட்டாது.