கறிவேப்பிலைச் செடி குச்சியாகவே நிற்கிறதா?

தாளிக்க எண்ணெய் காய்ந்த பிறகுதான் பலருக்கும் கொல்லைப்புறக் கறிவேப்பிலை ஞாபகம் வரும். ஓடிப்போய்க் கைக்கு எட்டுகிற அடி இணுக்கு இரண்டை உருவிக்கொண்டு வருவோம். செடி கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

அடியில் மட்டும் பறித்தால் நுனிக்கொழுந்து அப்படியே இருக்கும். அது இருக்கும்வரை பக்க மொட்டுகள் எளிதில் விழிக்காது. செடி கிளைக்காமல் மேலேயே போகும், கீழே மொட்டைக் குச்சிதான் மிஞ்சும். கன்று முழங்கால் உயரம் தாண்டி, தண்டு பென்சில் பருமன் வந்ததும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு நுனியை வெட்டிவிடுங்கள். வெட்டுக்குக் கீழே இரண்டு மூன்று கிளை துளிர்க்கும். அப்புறம் சமையலுக்கு எடுக்கும்போதும் கொழுந்தோடு சேர்த்துக் கிளைநுனியாக ஒடியுங்கள். சின்னக் கன்றில் மட்டும் தினமும் கை வைக்க வேண்டாம். அது உணவு தயாரிப்பதே அந்த நாலு இலையில்தான். பூங்கொத்து வந்தால் கிள்ளிவிடுங்கள்.

விதை போடுகிறவர்கள் காய்ந்த விதையை நம்பி ஏமாறுகிறார்கள். கறிவேப்பிலை விதையின் முளைப்புத்திறன் சில வாரங்களிலேயே போய்விடும். கருத்துப் பழுத்த பழத்தின் சதையைப் பிதுக்கி நீக்கி, உடனே விதைக்க வேண்டும். பெரிய மரத்தின் வேரில் வரும் பக்கக்கன்று கிடைத்தால் இன்னும் சுலபம். பிடுங்காமல், வேரோடு தோண்டி எடுங்கள்.

தொட்டிச் செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவதும் தவறு. மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும், இல்லையென்றால் வேர் அழுகும். மார்கழிக் குளிரில் துளிர் நின்று சில இலை பழுப்பது இயல்பு. பயந்துபோய் உரத்தைக் கொட்டாதீர்கள், வெயில் ஏறியதும் தானே துளிர்க்கும். புளித்த மோர் நானும் ஊற்றுகிறேன், நிறைய தண்ணீர் கலந்து, மாதம் ஒருமுறை. ஆனால் அது தொழு உரத்துக்கு ஈடாகாது.

கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. அதனால் எலுமிச்சையைத் தின்னும் வண்ணத்துப்பூச்சிப் புழு இதற்கும் வரும். முதலில் காக்கை எச்சம் போலத் தெரியும், வளர்ந்ததும் பச்சையாகி இலையோடு கலந்துவிடும். பச்சையாகவே வாயில் போடுகிற இலை இது, மருந்துக்கடைப் பூச்சிக்கொல்லியைத் தெளிக்கவே கூடாது. காலையில் இலையைத் திருப்பிப் பார்த்துக் கையால் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் எலுமிச்சைச் செடி இருந்தால் அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.